பெயர் கடந்து வந்த பாதை: 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலும் அறிவியல் அறிவின் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலைநிலத்தில் அமைந்த ஊர் வட்டவடை. அங்கும் அண்டையிலுள்ள காந்தல்லூரிலும் விளையும் பூண்டுக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பதிவேட்டில் அது பெற்றுள்ள பெயர் 'காந்தல்லூர் வட்டவடை வெளுத்துள்ளி' என்பதாகும். வட்டவடையில் தமிழ் பேசுவோர் மிகுதி. தமிழ் வழக்கில் அது பூண்டு அல்லது வெள்ளைப்பூண்டு. வெளுத்துள்ளி என்பது மலையாளச் சொல். பொருள் ஒன்றாயினும் விளைவிப்போர் வழக்கில் ஒரு பெயரும் ஆவணத்தில் வேறொரு பெயரும் நிற்கின்றன. இதனைப் பிழை எனக் கூற இயலாது. எனினும் ஒரு வட்டாரத்தின் அறிவு எழுத்தில் ஏறி வேறிடம் செல்லும்போது யாருடைய பெயர் உடன் செல்கிறது, எது தங்கிவிடுகிறது என்னும் வினாவை இச்சிறு நிகழ்வு எழுப்புகிறது.

இவ்வினா புதியதன்று. மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் கொச்சிக் கோட்டையில் இதே வினாவை எதிர்கொண்டு உருவான நூல் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்', அதாவது 'மலபார்த் தோட்டம்'. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக இலத்தீனில் வெளிவந்த இந்நூல் 740க்கு மேற்பட்ட தாவரங்களை ஏறத்தாழ 790 செப்புத்தகட்டுப் படங்களுடன் விவரிக்கிறது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அறிவியல் அறிவும் அதனைச் சரிபார்க்கும் முறைகளும் எவ்வாறு கைமாறின என்பதை இந்நூலின் வழியே இக்கட்டுரை விளக்க முயல்கிறது. தாவரப் பெயர்களின் எழுத்துப்பெயர்ப்பும் அவற்றின் சொல்லமைப்பும் இதில் முதன்மையாகக் கருதப்படுகின்றன.

2. ஐரோப்பியப் பின்புலம்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பியத் தாவரவியல் பெரும்பாலும் உரையாசிரியர் மரபையே பின்பற்றியது. தியோஸ்கோரிடிஸ் முதலிய பழைய ஆசிரியர் கூறிய செடி எது என்று தீர்மானிப்பதே அறிஞர் தொழிலாக இருந்தது. கிரேக்கச் சொல்லுக்கு இத்தாலியிலும் செருமனியிலும் ஒத்த செடி தேடியபோது குழப்பம் மிகுந்தது. சொல்லால் மட்டும் ஒரு செடியைக் கடத்த இயலாது என்னும் உணர்வு இக்குழப்பத்திலிருந்தே பிறந்தது.

இவ்வுணர்வின் விளைவாக மூன்று கருவிகள் உருவாயின. முதலாவது உயிர்ச்செடியைப் பார்த்து வரைந்த படம். 1542இல் வெளிவந்த லியோன்ஹார்ட் ஃபுக்ஸின் நூல் படம் வரைந்தோர், கட்டை செதுக்கியோர் ஆகியோரின் உருவங்களையும் அச்சிட்டது. இரண்டாவது உலர்மாதிரித் தொகுப்பு. இத்தாலியில் லூக்கா கினி 1540களில் செடிகளைத் தாளில் அழுத்தி உலர்த்தி மாணாக்கர்க்குக் கற்பித்தார். மூன்றாவது பல்கலைக்கழகத் தோட்டம். பாதுவாவில் 1545இலும் லைடனில் 1590இலும் இத்தகைய தோட்டங்கள் நிறுவப்பட்டன. இம்மூன்றையும் இணைத்தவை அறிஞர்களிடையே சென்ற கடிதங்கள். 1660இல் இலண்டனில் அமைந்த ராயல் சொசைட்டி எவர் சொல்லையும் சொல் என்பதற்காகவே ஏற்பதில்லை என்னும் கருத்துடைய தொடரைத் தன் முத்திரை வாசகமாகக் கொண்டது. அதன் ஆய்விதழ் 1665இல் தொடங்கியது.

ஆனால் தொலைநாட்டுச் செடியை ஐரோப்பிய அறிஞர் நேரில் காண இயலாது. அவர் பிறர் சொல்லை நம்பியே ஆகவேண்டும். எனவே 'யார் சொன்னது, எவ்வாறு கண்டது, எதனால் நம்பத்தக்கது' என்னும் சான்றுமுறை, அறிவின் புறத்தே நில்லாமல் அறிவின் ஒரு பகுதியாகவே ஆயிற்று.

3. முன்னோடி: ஓர்த்தாவின் உரையாடலும் குளூசியசின் சுருக்கமும்

இந்தியத் தாவர அறிவு ஐரோப்பாவுக்குச் சென்ற முதன்மையான வழிகளுள் ஒன்று கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவின் நூல். 1563இல் கோவாவில் அச்சான அந்நூல் உரையாடல் வடிவில் அமைந்தது. ஓர்த்தாவும் ருவானோ என்னும் கற்பனை மருத்துவரும் பேசிக்கொள்கின்றனர். பணிப்பெண் செடிகளைக் கொண்டுவந்து காட்டுகிறாள். உள்ளூர் மருத்துவரும் இடையே சேர்கிறார். ஒரு செய்தியை யார் கூறினார், யார் ஐயுற்றார், யார் மறுத்தார் என்பது வடிவத்திலேயே தெரிகிறது.

1567இல் குளூசியஸ் இந்நூலை இலத்தீனில் சுருக்கி ஆண்ட்வெர்ப்பில் வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் பரவியது இச்சுருக்கமே. பொருளடக்கத்தை முறைப்படுத்திய குளூசியஸ் உரையாடல் வடிவத்தை நீக்கினார். அதனால் செய்திகள் தெளிவடைந்தன. ஆனால் பேசியவர் மறைந்தனர். ஐயமும் மறுப்புமாக இருந்தவை முடிந்த முடிவுகளாயின. மொழிபெயர்ப்பில் கருத்து பிழையின்றிச் சென்றும் சான்று உதிர்ந்துவிடக்கூடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு. ஒரு நூற்றாண்டுக்குப் பின் கொச்சியில் கையாளப்பட்ட முறை இக்குறையை நிறைத்தது எனலாம்.

4. கொச்சியில் நூல் உருவான முறை

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1663இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றியது. 1670களில் மலபார் ஆணையராக இருந்த ஹெண்ட்ரிக் வான் ரேடே கல்லூரியில் தாவரவியல் பயின்றவர் அல்லர். படைவீரராகவும் ஆட்சியாளராகவும் வளர்ந்தவர். இந்நூலில் அவர் ஈடுபட்டதற்கு அறிவார்வம் மட்டுமே காரணம் அன்று. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து கெட்டுப்போகும் மருந்துகளுக்கு மாற்றாக உள்ளூர் மருந்துகளைக் காட்டுவதும், கொழும்பை முதன்மைப்படுத்த விரும்பிய வான் கூன்சுக்கு எதிராகக் கொச்சியின் வளத்தை நிறுவுவதும் நோக்கங்களாக இருந்தன.

4.1. பணிப்பிரிவு

தொடக்கத்தில் மத்தேயு என்னும் கார்மெல் சபைத் துறவி தாம் வரைந்த படங்களையும் குறிப்புகளையும் ரேடேயிடம் அளித்தார். அவை போதிய தெளிவுடன் அமையாமையால் புதிய முறை வகுக்கப்பட்டது. அதனை மூன்றாம் தொகுதியின் முன்னுரையில் ரேடே விளக்குகிறார். உள்ளூர் மருத்துவர்கள் செடிகளின் பட்டியலைத் தம் மொழியில் தயாரித்தனர். அப்பட்டியல் இலை, பூ, காய் தோன்றும் பருவத்துக்கேற்ப வகுக்கப்பட்டது. பருவந்தோறும் செடியறிந்தோர் சிறு குழுக்களாகக் காட்டுக்குச் சென்று, உயர்ந்த மரங்களின் உச்சி வரை ஏறியும் மாதிரிகளைக் கொணர்ந்தனர். ஓவியர் மூவர் நால்வர் அவற்றை வாடுமுன் வரைந்தனர். படத்துடன் விளக்கம் சேர்க்கப்பட்டது. அறிஞர் குழு கூடிப் பெயரையும் பயனையும் விவாதித்தது. பழைய நூல்களின் செய்யுட்களை நினைவிலிருந்து கூறி ஒருவர் கருத்தை மற்றவர் மறுத்தனர் என்றும், அவ்விவாதம் மிகுந்த மரியாதையுடன் நிகழ்ந்தது என்றும் ரேடே வியந்து எழுதுகிறார்.

பட்டியல், பருவம், மாதிரி, படம், விளக்கம், விவாதம் என்னும் இவ்வரிசை நோக்கத்தக்கது. உயிர்ச்செடியிலிருந்து படம் வரைதல் ஐரோப்பிய முறை. பருவப் பட்டியலும் செய்யுள்வழிச் சான்றும் உள்ளூர் முறை. இரண்டும் ஒரே மேடையில் இணைந்து செயற்பட்டன.

4.2. சான்றிதழ்கள்

முதல் தொகுதியின் முகப்பில் 1675 ஏப்பிரல் மாதத்திய சான்றிதழ்கள் இடம்பெற்றுள்ளன. சேர்த்தலை அருகே கரப்புறத்தைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் அவற்றுள் ஒன்றை எழுதியவர். ஆணையரின் கட்டளைப்படி கோட்டைக்கு வந்து, தம் குடும்பத்து ஏடுகளாலும் அனுபவத்தாலும் அறிந்த மரம், செடி, கொடிகளின் பெயர்களையும் மருத்துவ ஆற்றலையும் மொழிபெயர்ப்பாளர் வழியே எழுதுவித்ததாக அவர் கூறுகிறார். அரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய கொங்கணி அந்தண மருத்துவர் மூவர் நிகண்டின் துணையுடன் ஈராண்டு காலம் காலையும் மாலையும் உழைத்ததாகச் சான்றளிக்கின்றனர். கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கார்னெய்ரோவும் தம் பணியைத் தனியே உறுதிசெய்துள்ளார்.

இவை அவரவர் எழுத்திலேயே அச்சாயின. மலையாளத்துக்கு அச்செழுத்து அப்போது இல்லை. அசையும் அச்செழுத்தில் முதல் மலையாள நூல் உரோமில் 1772இலேயே வந்தது. தமிழ் 1578இல் கொல்லத்தில் அச்சேறியிருந்தது. ஆகவே கையெழுத்து அப்படியே செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டது. அச்சுதனின் சான்றிதழ் வட்டெழுத்தின் வழிவந்த கோலெழுத்திலும், அந்தணர் சான்றிதழ் நாகரியில் கொங்கணியிலும் உள்ளன. படங்களிலும் பெயர்கள் உரோமன், மலையாளம், அரபு, நாகரி ஆகிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டன. ஆம்ஸ்டர்டாம் வாசகரால் இவற்றைப் படிக்க இயலாது. படிக்க இயலாத எழுத்தைப் பெருஞ்செலவில் அச்சிட்டதன் நோக்கம் ஒன்றே: அறிவித்தவர் தம் கையால் நிற்கிறார் என்று காட்டுவது. ஓர்த்தாவின் உரையாடலில் இருந்து குளூசியசின் சுருக்கத்தில் மறைந்த பேசுநர், இங்குத் தம் எழுத்துடன் மீண்டும் தோன்றுகிறார்.

5. மொழிச்சங்கிலி

அச்சுதன் மலையாளத்தில் கூறியதைக் கார்னெய்ரோ போர்த்துக்கீசியத்தில் பெயர்த்தார். கடற்கரை முழுவதும் அப்போது பொதுமொழியாக வழங்கியது அதுவே. அதிலிருந்து டச்சுக்கும், இறுதியில் இலத்தீனுக்கும் செய்தி சென்றது. முதல் தொகுதிகளின் இலத்தீனை அமைத்தவர் கொச்சியில் சமயகுருவாக இருந்த யோகான்னஸ் கசேயாரியஸ். இளமையில் ஸ்பினோசாவுடன் ஒரே வீட்டில் தங்கி அவரிடம் தெக்கார்த்தின் தத்துவம் பயின்றவர் அவர். 1677இல் அவர் இறந்தபின் பணி பிறரிடம் சென்றது. நெதர்லாந்தில் ஆர்னோல்ட் சையன், யான் கொமெலின் முதலியோர் ஐரோப்பிய நூல்களுடன் ஒப்பிட்டுக் குறிப்புகள் சேர்த்தனர்.

இச்சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு சல்லடை எனலாம். வாதம், பித்தம், கபம் என்னும் முக்குற்றக் கொள்கை சார்ந்த விளக்கம், 'சூடு, குளிர்ச்சி, வறட்சி, ஈரம்' என்னும் ஐரோப்பிய மருத்துவச் சட்டத்துள் எளிதில் கரைந்துவிடக்கூடியது. மொழிபெயர்ப்பாளர் இருபுறமும் பொருந்துவதாகக் கண்ட சொல்லைத் தேர்ந்தார். கரைக்க இயலாத ஒன்றாக எஞ்சியது செடியின் பெயர். அதனை மொழிபெயர்க்கவில்லை, எழுத்துப்பெயர்த்தனர். எனவே மூலமொழியின் அமைப்பைக் காண இன்று கிடைக்கும் நேரடி வாயில் பெயர்களே.

6. எழுத்துப்பெயர்ப்பு காட்டும் உண்மைகள்

6.1. ஒரே சொல், இரு வடிவம்

முதல் தொகுதியில் வாழையின் பெயர் 'பாலா' என்று உள்ளது. முதலெழுத்து ஒலிப்புடைய பகரம். இது மலையாளத்தின் 'வாழ'. இறுதித் தொகுதியில் மரங்களின்மேல் ஒட்டி வளரும் ஆர்க்கிட் செடிகள் 'மரவாரா' என்று முடியும் பெயர்களைப் பெற்றுள்ளன. இது 'மரவாழ', தமிழில் மரவாழை. வாழை என்னும் ஒரே சொல் ஓரிடத்தில் 'பாலா' என்றும் மற்றோரிடத்தில் 'வாரா' என்றும் நிற்கிறது. வகரம் முன்னதில் பகரமாகவும் பின்னதில் வகரமாகவும், ழகரம் முன்னதில் லகரமாகவும் பின்னதில் ரகரமாகவும் எழுதப்பட்டுள்ளன.

எட்டி மரத்தின் மலையாளப் பெயரான 'காஞ்ஞிரம்' முதல் தொகுதியில் 'கானிரம்' என உள்ளது. இறுதித் தொகுதியில் அதன்மேல் வளரும் ஆர்க்கிட்டின் பெயரில் அதே சொல் 'கான்ஸ்யிரம்' என வருகிறது. அண்ண மெல்லொலியைக் காட்டப் பிந்தையவர் கூடுதல் எழுத்துகளைப் பயன்படுத்தியுள்ளார். சகரத்துக்கு டி, எஸ், ஜே என்னும் மூன்று உரோமன் எழுத்துகளைச் சேர்த்தெழுதுவது டச்சுக் காதின் பழக்கம். 'செறு' என்னும் அடை இவ்வாறே எழுதப்பட்டுள்ளது.

இவ்வேறுபாடுகளைப் பிழைகள் என ஒதுக்குதல் பொருந்தாது. ஒரே சொல் வெவ்வேறு வகையில் எழுதப்பட்டிருப்பது, கேட்டு எழுதிய கை ஒன்றன்று என்பதற்கு அகச்சான்று. முன்னுரைகள் கூறும் பணிமாற்றத்தை எழுத்து வடிவங்கள் தாமே உறுதிசெய்கின்றன.

6.2. 'மலபார்' என்னும் சொல்

இக்காலப் பதிவுகளைக் கையாளும் மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டிய மற்றொரு செய்தி உண்டு. இந்நூலில் மலபார்ப் பெயர் என்பது மலையாளப் பெயர். ஆனால் சோழமண்டலக் கரையில் ஐரோப்பியர் 'மலபார்' என்றது தமிழையே. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1708இல் தொகுத்த 'மலபார்' நூற்பட்டியல் தமிழ்நூற்பட்டியல் ஆகும். சென்னைக் கோட்டையின் மருத்துவர் சாமுவேல் பிரவுன் திரட்டிய செடிகளைப் பற்றி ஜேம்ஸ் பெட்டிவர் 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராயல் சொசைட்டி இதழில் எழுதியபோது தந்த மலபார்ப் பெயர்களும் தமிழ்ப் பெயர்களே. சொல் ஒன்றாயினும் கரை மாறினால் மொழி மாறும் என்பதை மறத்தலாகாது.

7. பெயரமைப்பும் வகைப்பாடும்

பெயர்கள் பெரும்பாலும் அடையும் தலைச்சொல்லுமாக அமைந்தவை. தலைச்சொல் இனத்தைக் காட்டுகிறது. அடை அவ்வினத்துள் ஒன்றை வேறுபடுத்துகிறது. அவ்வினம் எவ்வகையது என்பதை மூன்று தொகுதிகளால் காணலாம்.

முதலாவது ஆல் தொகுதி. அத்தியாலு, இத்தியாலு, அரெயாலு, பேராலு, காட்டாலு என வரும் பெயர்கள் 'ஆல்' என்னும் தலைச்சொல்லை உடையவை. லின்னேயஸ் வகைப்பாட்டில் இவை யாவும் ஃபைக்கஸ் என்னும் ஒரே பேரினத்துள் அடங்கும். தமிழில் அத்தி, இத்தி, அரசு, ஆல் என இவை தனித்தனிச் சொற்களாக நிற்க, 'கல்லால்' போன்ற சிலவற்றில் மட்டுமே தலைச்சொல் வெளிப்படுகிறது. நெருங்கிய இரு மொழிகளுள் ஒன்று இனத்தைச் சொல்லாலேயே காட்ட, மற்றொன்று அதனை உள்ளுறையாக வைத்துள்ளமை ஒப்பாய்வுக்கு உரியது.

இரண்டாவது ஆம்பல் தொகுதி. ஆம்பல், சிற்றாம்பல், நெதெலாம்பல், ஒட்டெலாம்பல் ஆகியவை நீரில் வாழ்பவை. இக்காலத் தாவரவியல் இவற்றை நிம்ஃபேயா, நிம்ஃபாய்டஸ், ஒட்டேலியா என்னும் மூன்று பேரினங்களிலும் மூன்று குடும்பங்களிலும் வைக்கிறது. பூவின் உறுப்புகளை நோக்கினால் இவை உறவற்றவை. நீர்வாழ் இயல்பை நோக்கினால் ஓரினம். இங்குத் தலைச்சொல் வாழ்முறையை அடிப்படையாகக் கொண்டுள்ளது.

மூன்றாவது மரவாழைத் தொகுதி. ஆஞ்ஞிலி மரவாழ, வீட்டிமரம் மரவாழ, காஞ்ஞிரம் மரவாழ ஆகிய பெயர்களில் அடையாக நிற்பது செடி ஒட்டி வளரும் மரத்தின் பெயர். ஆஞ்ஞிலி மரவாழவை லின்னேயஸ் எபிடென்ட்ரம் என்னும் பேரினத்தில் வைத்தார். அக்கிரேக்கச் சொல்லுக்கு மரத்தின்மேல் உள்ளது என்பது பொருள். மரவாழை என்பதும் அதையே கூறுகிறது. ஆனால் எந்த மரத்தின்மேல் என்னும் செய்தி இலத்தீன் பெயரில் இல்லை. எட்டியின்மேல் வளர்வதை மற்றவற்றினின்று பிரித்தறிய மருத்துவர்க்கு அச்செய்தி தேவைப்பட்டது.

ஈழவ மருத்துவரின் வகைப்பாடு இந்நூலின் வழியே ஐரோப்பியத் தாவரவியலின் அமைப்பில் செல்வாக்குப் பெற்றது என ரிச்சர்ட் குரோவ் 1990களில் வாதிட்டார். மேற்கண்ட மூன்று தொகுதிகளையும் ஒருசேர நோக்கின் ஒரு வரையறை தேவைப்படுகிறது. ஆல் தொகுதியில் இரு வகைப்பாடுகளும் ஒன்றுபடுகின்றன. ஆம்பல் தொகுதியில் முரண்படுகின்றன. மரவாழைத் தொகுதியில் இனக்கருத்து ஒன்றுபட்டும் வேறுபடுத்தும் அளவுகோல் மாறுகிறது. எனவே பெயர்களும் அவற்றில் பொதிந்த உறவுக்குறிப்புகளும் சென்றன. வகைப்படுத்தும் கோட்பாடு முழுமையாகச் செல்லவில்லை என்பதே பொருத்தமான முடிவாகும்.

8. லின்னேயசின் விதியும் பெயர்களின் நிலையும்

லின்னேயஸ் இந்நூலைப் பெரிதும் மதித்தார். 1753இல் வெளிவந்த அவருடைய தாவர இன நூல் இதன் படங்களைப் பலமுறை மேற்கோளாகக் காட்டுகிறது. ரேடேயின் படங்களே இன்று பல அறிவியற் பெயர்களுக்கு மூலச்சான்றாக நிற்கின்றன. ஆயினும் கிரேக்க, இலத்தீன் வேரில்லாத பேரினப் பெயர்களை விலக்கவேண்டும் என்பது 1751இல் அவர் வகுத்த விதி. சிற்றினப் பெயரில் மட்டும் அவர் சற்றே நெகிழ்ந்தார். இதன் விளைவாக மைக்கேலியா சம்பகா, மிமுசாப்ஸ் இலெங்கி என மலையாளச் சொற்கள் அடைநிலைக்கு இறங்கின. மூலமொழியில் தாமே தலைச்சொல்லாக நின்ற சம்பகமும் இலஞ்ஞியும் இலத்தீனில் வேறொரு தலைச்சொல்லுக்கு அடையாயின.

இதற்கு மாறாக நடந்ததும் உண்டு. 1763இல் பிரெஞ்சு அறிஞர் அதான்சன் வட்டாரப் பெயர்கள் பலவற்றைப் பேரினப் பெயர்களாகவே ஏற்றார். பின்னாளில் 'ஒட்டெலாம்பல்' என்பதிலிருந்து ஒட்டேலியா என்னும் பேரினப் பெயர் அமைந்தது. இதில் எடுத்துக்கொள்ளப்பட்டது அடை, விடப்பட்டது தலைச்சொல். இனங்காட்டும் ஆம்பல் உதிர, வேறுபடுத்தும் அடை இனப்பெயராயிற்று. ஏலக்காயின் பேரினப் பெயரான எலெட்டாரியா, ஏலத்தின் விதைமணியைக் குறிக்கும் 'ஏலத்தரி'யிலிருந்து பிறந்தது. மணியின் பெயர் செடியின் பெயராயிற்று. சொல்லமைப்பை அறியாதார் கையில் சொல்லின் எந்தப் பகுதி பிழைக்கும் என்பது தற்செயலாகவே அமைகிறது.

9. மீள்மொழிபெயர்ப்பின் இடர்கள்

இலத்தீனில் இருந்தமையால் இந்நூல் அது பிறந்த மண்ணில் நெடுங்காலம் எட்டாப் பொருளாக இருந்தது. கோழிக்கோடு பல்கலைக்கழகத் தாவரவியலறிஞர் கே. எஸ். மணிலால் பல்லாண்டுகள் உழைத்துத் தாவரங்களை மீண்டும் கண்டறிந்து நூலை மொழிபெயர்த்தார். ஆங்கிலப் பதிப்பு 2003இலும் மலையாளப் பதிப்பு 2008இலும் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. சொல்லை மட்டும் கொண்டு இதனைச் செய்திருக்க இயலாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நூலிலுள்ள 'தொட்டாவாடி' பயோஃபைட்டம் சென்சிட்டிவம் என்னும் சிறு செடி. மலையாளத்தில் இன்று முக்குற்றி எனப்படுவது. இக்காலத்தில் தொட்டாவாடி என்றால் அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய மைமோசா புதிகா ஆகும். சொல் அப்படியே இருக்க, பொருள் மாறிவிட்டது. படம் இருந்ததனாலேயே உண்மை புலனாகிறது.

தமிழில் பெயர்ப்போர்க்கு மேலும் சில இடர்கள் உள்ளன. நூலின் 'பால' ஏழிலைப்பாலை எனத் தமிழில் வழங்கும் மரம்; தமிழில் வாளா 'பாலை' என்றால் வேறு மரங்களையும் குறிக்கும். 'வீட்டி' தமிழில் ஈட்டி. 'காஞ்ஞிரம்' தமிழில் எட்டி. முன்னது மரவேலைக்கு உகந்த கருமரம், பின்னது நச்சுமரம். ஈட்டி, எட்டி என்னும் ஒலியொப்புமை உரோமன் எழுத்து வழியே தமிழுக்கு வருவோரை எளிதில் வழுக்கச் செய்யும்.

10. எல்லைநிலமும் இன்றைய பதிவும்

ரேடேயின் காலத்து நிலை முற்றிலும் பழங்கதை ஆகிவிடவில்லை. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின் வழியே உள்ளாட்சி அமைப்புகள்தோறும் மேலாண்மைக் குழுக்கள் அமைத்து, மக்களின் துணையுடன் பல்லுயிர்ப் பதிவேடு உருவாக்க வழிவகை செய்யப்பட்டுள்ளது. செடியின் வட்டாரப் பெயர், பயன், அறிந்தோர் கூற்று ஆகியவை அவற்றில் இடம்பெற வேண்டியவை. பயன்பாட்டால் வரும் நலனை அறிவுக்கு உரியவரோடு பகிர்தல் இச்சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. எனவே பெயர் யாருடையது என்பது மொழியியல் ஆர்வத்தோடு நின்றுவிடாமல் உரிமை தொடர்பான வினாவாகவும் ஆகிறது.

வட்டவடை போன்ற இடங்களில் இவ்வினா கூர்மை பெறுகிறது. பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவை ஒட்டிய அந்நிலத்தில் தமிழ் பேசும் வேளாண் மக்களும் முதுவர் குடிகளும் வாழ்கின்றனர், ஆட்சிமொழி மலையாளம். செடியைக் காட்டுபவர் ஒரு வழக்கில் கூற, எழுதுபவர் வேறொன்றில் எழுத, மேலிடத்துப் பட்டியல் ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் அமையும். சங்கிலியின் நீளம் கொச்சியில் இருந்ததற்குக் குறைந்ததன்று. ஒலியொத்த மலையாளச் சொல் எழுதுபவர் நினைவுக்கு வருமாயின், முதலிற் கூறியவரின் சொல் சுவடின்றி மறைய வாய்ப்புண்டு. முதுவர் வழக்கு தமிழ், மலையாளம் ஆகிய இரண்டோடும் உறவுடையதாயினும் இரண்டில் ஒன்றாகத் திருத்தி எழுதத்தக்கதன்று.

இச்சூழலில் கொச்சி முறையிலிருந்து கொள்ளத்தக்கவை நான்கு. பெயரைக் கூறியவர் வழக்கிலேயே முழுமையாக, அடையும் தலைச்சொல்லும் சிதையாமல் எழுதுதல் முதலாவது. எந்த மொழியிலிருந்து எந்த மொழி வழியே எவர் பெயர்த்தார் என்பதைக் குறித்தல் இரண்டாவது. பெயருடன் படமும் பருவமும் சேர்த்துச் சொல்லின் பொருள் பிற்காலத்தில் மாறினும் செடி தவறாமல் காத்தல் மூன்றாவது. கருத்து வேறுபட்டவிடத்து ஒன்றைத் தள்ளாமல் இரண்டையும் பதிதல் நான்காவது.

11. முடிவுரை

ஐரோப்பாவில் அறிவியல் அறிவு கைமாறிய முறை நூலிலிருந்து நூலுக்குச் சென்ற நேர்கோடன்று; படம், மாதிரி, கடிதம், சான்று ஆகியவற்றால் பின்னப்பட்ட வலை. அவ்வலையின் ஒரு நுனி கொச்சியில் கோலெழுத்தில் கையெழுத்திட்ட மருத்துவரிடம் இருந்தது. மருத்துவக் கொள்கை மொழிச்சங்கிலியில் கரைந்தது. பெயர்களின் தலைச்சொற்கள் இலத்தீனில் உதிர்ந்தன. எனினும் பெயர் முழுமையாகவும், படம் தெளிவாகவும், சான்று கூறியவர் எழுத்திலும் காக்கப்பட்டமையால், இழந்தவற்றுள் பெரும்பகுதியை மூன்று நூற்றாண்டுகள் கழித்தும் மீட்க முடிந்தது. மொழிபெயர்ப்பில் இழப்பைத் தவிர்த்தல் அரிது; இழந்ததை மீட்கும் வழியைப் பதிவிலேயே விட்டுச்செல்லுதல் இயலும். வெளுத்துள்ளி என்று பதிவான பயிருக்கு அருகில் பூண்டு என்னும் சொல்லையும், அதனை வழங்குவோர் இன்னார் என்பதையும் எழுதிவைத்தல் ஒரு வரிக்குரிய பணிதான். அவ்வொரு வரி இல்லையாயின் பின்வருவோர்க்குத் தேடும் வழி அடைபடும்.